பெரிய இன்ஜெக்டர் மாட்டிய டீசல் டிரக்: கோளாறை அறிகுறியிலிருந்து தேடிப் பிடிப்பது

பவருக்காக இன்ஜெக்டர் மாற்றிய டிரக்கில் எந்தத் தகராறு வந்தாலும் முதல் பழி புது இன்ஜெக்டர் மேல்தான் விழும். கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் பாதிக்கு மேல் நல்ல இன்ஜெக்டராகவே இருக்கும். இன்ஜெக்டரின் டீசல் பீய்ச்சும் முனையான நாசிலைப் பெரிதாக்கிவிட்டு, அதற்கு டீசல் தள்ளும் பம்பையும் காற்றுத் தள்ளும் டர்போவையும் திறக்கும் நேரத்தைச் சொல்லும் டியூனிங்கையும் பழையபடியே விட்டிருப்பார்கள். அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஸ்பேனரை எடுக்கும் முன் என்ன அளக்க வேண்டும் என்றுதான் முதலில் பார்க்கப்போகிறோம்.

கையில் இருக்க வேண்டியவை நான்கு: ரெயில் பிரஷரில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைத் தேக்கித் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலின் அழுத்தம்) ஈ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்பது எவ்வளவு, உண்மையில் வருவது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஸ்கேனர், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் பிரஷர் கேஜ், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் காட்டும் பூஸ்ட் கேஜ், டர்போவுக்கு முன்னால் பொருத்திய எக்ஸாஸ்ட் வெப்பநிலை கேஜ். இவை இல்லாமல் 600 ஹெச்.பி. கனவு காண்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான்.

ஒரு எச்சரிக்கை. காமன் ரெயிலில் 1600, 1800 பார் என்று அழுத்தம் நிற்கும். லீக் எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி முனை அளவு கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே கொசு கடித்த மாதிரிதான் தெரியும், உள்ளே திசு அழுகும், விரலை வெட்டி எடுக்கும் நிலை வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவும். அப்படிக் காயம் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

ஸ்கேனரைப் போட்டு, கிராங்க் செய்யும்போது (ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றும்போது) ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவும். குறிப்பிட்ட அளவு அழுத்தம் வராமல் ஈ.சி.எம். இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. அந்த அளவு என்ஜினுக்கு என்ஜின் மாறும், மேனுவலில் இருக்கும். அழுத்தம் சரியாக வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கத்தை விட்டுவிட்டு வயரிங்குக்குப் போகவும். வால்வு கவருக்குள் இன்ஜெக்டர் தலையில் மாட்டும் சின்ன நட்டுகள் தளர்ந்திருக்கும், அல்லது மிகையாக முறுக்கி ஸ்டட் உடைந்திருக்கும்.

அழுத்தம் ஏறவில்லை என்றால் வரிசையாகப் போகலாம். லிஃப்ட் பம்ப் ஓடுகிறதா, ஃபில்டருக்குப் பின் அழுத்தம் இருக்கிறதா? லைனில் காற்று இருக்கிறதா? உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டு இடையில் போட்டால் குமிழி தானே தெரியும். அடுத்து ரெயில் முனையில் இருக்கும், அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு. டீசலை டேங்குக்குத் திருப்பும் அதன் ரிட்டர்ன் லைனைக் கழற்றிவிட்டு கிராங்க் செய்யவும். அங்கே டீசல் வரவே கூடாது. சொட்டினால் வால்வு போய்விட்டது. ஒரு வண்டிக்கு ஆறு இன்ஜெக்டரையும் இறக்கி ஏற்றி இரண்டு நாளைத் தின்ற பிறகு இந்த வால்வில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து இதை மூன்றாவது இடத்தில் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இன்ஜெக்டர் ரிட்டர்ன். சோலனாய்டு (மின்காந்தம்) இயக்கும் இன்ஜெக்டரில், நாசிலை மூடித் திறக்கும் ஊசியை மேலிருந்து அழுத்திப் பிடித்திருப்பது டீசல் அழுத்தம்தான். சோலனாய்டு ஒரு குட்டிக் குண்டை அதன் இருக்கையிலிருந்து தூக்கும், மேல் அறையின் டீசல் ரிட்டர்னுக்கு ஓடும், அழுத்தம் விழுந்ததும் ஊசி எழும். அந்தக் குண்டின் இருக்கை தேய்ந்தால் திறக்காத நேரத்திலும் டீசல் ரிட்டர்னுக்கு ஒழுகும். கிராங்க் வேகத்தில் பம்ப் தள்ளுவதே கொஞ்சம், அது முழுக்க ஒழுக்கிலேயே போய்விடும். மொத்த ரிட்டர்னை அளந்து, அதிகம் என்று தெரிந்தால் ரெயிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் லைனாக மூடிபோட்டு அடைத்து கிராங்க் செய்யவும். எதை அடைத்ததும் அழுத்தம் துள்ளி ஏறுகிறதோ அதுதான் ஆள்.

புதிதாக மாட்டிய இன்ஜெக்டரிலும் இதே அறிகுறி வரும், காரணம் மட்டும் வேறு. 5.9 லிட்டர் கம்மின்ஸ் போன்ற என்ஜினில் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் ஹெட்டுக்குள் நுழைந்து இன்ஜெக்டரின் கூம்பு வாயில் அழுந்தி உட்காரும். இன்ஜெக்டர் கிளாம்பை முதலிலேயே முழுக்க முறுக்கிவிட்டால் அந்தக் குழாய்க்கு நேராக உட்கார இடமிருக்காது. கிளாம்பை லேசாகப் பிடித்து, குழாய் நட்டை லேசாகப் பிடித்து, பிறகு கிளாம்புக்கு முழு டார்க், கடைசியில் குழாய்க்கு முழு டார்க் என்பதுதான் முறை. அவசரத்தில் வரிசை மாறினால் புது இன்ஜெக்டரும் முதல் நாளே ரிட்டர்னுக்கு ஒழுகும். குழாய் முனையில் கீறலோ பள்ளமோ இருந்தால் பாலிஷ் போட்டுத் தேற்ற வேண்டாம், மாற்றிவிடவும்.

ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் அழுத்தாத வேகத்தில்) உதறுகிறது, ஓட ஓடச் சரியாகிவிடுகிறது

ஸ்கேனரில் சிலிண்டர் சிலிண்டராக பேலன்ஸ் ரேட் பார்க்கவும். எல்லாச் சிலிண்டரும் ஒரே வேகத்தில் தள்ளுவதற்காக எதற்குக் கூட்டிக் கொடுக்கிறோம், எதற்குக் குறைக்கிறோம் என்று ஈ.சி.எம். காட்டும் கணக்கு அது. 2001 முதல் 2004 வரை வந்த எல்.பி.7 டியூராமாக்ஸில் (ஜி.எம். டிரக்குகளின் டீசல் என்ஜின்) சூடான பிறகு, ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கில் இருந்தால் 4 கன மி.மீ., டிரைவில் 6 கன மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது அளவு. ஆனால் பெரிய நாசில் போட்டபின் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஈ.சி.எம்.முக்கு நாசில் பெரிதானது தெரியாது. பழைய நாசில் கணக்கில்தான் சொல்லிக்கொண்டிருக்கும். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்தவும்.

ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கிறது என்றால் அந்த இன்ஜெக்டர் குறைவாகப் பீய்ச்சுகிறது, அல்லது அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. இரண்டையும் பிரிக்க, இன்ஜெக்டரை அதன் குழாயோடு சேர்த்து வேறு சிலிண்டருக்கு மாற்றவும். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர். அங்கேயே நின்றால் கம்ப்ரஷன் கேஜை எடுக்கவும்.

எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கலைந்து நிற்கிறது என்றால் அது செட் பொருத்தக் கோளாறு. நாசிலை மாற்றியமைப்பதில் கைவேலையும் கவனக்குறைவும் தெரிவது இங்கேதான். ஸ்லோ ஸ்பீடில் ஊசி முழு உயரம் எழுவதற்குள் மூடிவிடும். அந்த அரைகுறைத் திறப்பில் ஊசி எழும் தூரம், ஸ்பிரிங் அழுத்தம், சோலனாய்டு இடைவெளி ஆகியவற்றில் இருக்கும் நுணுக்க வேறுபாடு பெரிதாக வெளியே தெரியும். முழு லோடில் ஆறும் ஒன்றாகக் காட்டும் செட், ஸ்லோவில் ஆறு விதமாக நடக்கலாம். ஆகவே மாற்றியமைத்த செட் வாங்கும்போது முழு லோடு எண் மட்டும் போதாது. ஸ்லோ, நடு, முழு லோடு என மூன்று நிலையிலும், என்ன அழுத்தத்தில் எத்தனை மைக்ரோ வினாடி திறந்தால் எத்தனை கன மி.மீ. என்று ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி தாள் கேட்கவும். தாள் தராதவரிடம் வாங்குவதைவிட ஒரிஜினலையே வைத்துக்கொள்வது நல்லது.

துளையை மின்பொறியால் புதிதாகப் போடுவதும் உண்டு, உராய்வுப் பசையை அழுத்தத்தில் செலுத்தித் துளையின் உள்வாயை வளைவாக்குவதும் உண்டு. இரண்டாவது முறையில் எல்லாத் துளையும் ஒரே அளவுக்கு வரும்வரை அளந்து அளந்து நிறுத்தலாம், ஆகவே மிதமான ஏற்றத்துக்கு என் ஓட்டு அதற்கே. கையால் துளையைப் பெரிதாக்கித் தருகிறோம் என்பவரிடம் போக வேண்டாம். நாசிலை மாற்றுவதும் சாதாரண ஒர்க்‌ஷாப் மேசையில் செய்யும் வேலை இல்லை. உள்ளே பொருந்தும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்கள்தான், ஒரு துணி நூல் போதும் ஊசியைச் சிக்க வைக்க.

6.7 கம்மின்ஸ், எல்.பி.7-க்குப் பின் வந்த டியூராமாக்ஸ் போன்றவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதன் பீய்ச்சும் அளவு வேறுபாட்டைச் சொல்லும் திருத்தக் குறியீடு உண்டு, அதை ஈ.சி.எம்.மில் பதிய வேண்டும். 2003–2007 காலத்து 5.9-க்கும் எல்.பி.7-க்கும் இது கிடையாது. குறியீடு உள்ள இன்ஜெக்டரில் நாசிலை மாற்றிவிட்டு உடம்பில் இருக்கும் பழைய குறியீட்டையே பதிந்தால் அந்தத் திருத்தமே பிழையாகிவிடும். நாசில் போட்டவர் பெஞ்சில் ஏற்றிப் புதுக் குறியீடு தந்தாரா என்று கேட்கவும்.

ஸ்லோவில் கண் எரியும் வெண்புகை

காலையில் குளிர்ந்த என்ஜினில் மட்டும் வந்து இரண்டு நிமிடத்தில் போய்விட்டால், பெரிய நாசிலுக்கு அது கொஞ்சம் இயல்புதான். துளை பெரிதானால் துளியும் பெரிதாகும், குளிர்ந்த அறையில் பெரிய துளி முழுக்க எரியாது. டியூனிங்கில் ஸ்லோ நேரத்துப் பைலட் பீய்ச்சலையும் (முதன்மைப் பீய்ச்சலுக்கு முன் விடும் சிறு பீய்ச்சல்) டைமிங்கையும் சரிசெய்தால் பெருமளவு அடங்கும்.

சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் பீய்ச்சும் கோணத்தைச் சந்தேகிக்கவும். இதைத்தான் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. 5.9 கம்மின்ஸ் காமன் ரெயிலில் 2003 தொடங்கி 2004 நடு வரை வந்த என்ஜினுக்குக் கோணம் ஏறத்தாழ 143 டிகிரி. அதற்குப் பின் 2007 வரை வந்ததற்கு 124 டிகிரி. பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தின் வடிவமே வேறு. வெளிப்பார்வைக்கு இரண்டு இன்ஜெக்டரும் ஒன்றுபோல் இருக்கும், மாற்றிப் போட்டாலும் உட்காரும், என்ஜினும் ஓடும். ஆனால் அகலக் கோணத்தை ஆழக் கிண்ணத்தில் போட்டால் டீசல் கிண்ணத்தின் உதட்டிலும் சிலிண்டர் சுவரிலும் அடிக்கும். புகை, ஆயிலில் டீசல், கடைசியில் பிஸ்டன் உதடு உருகுவது என்று வரிசையாக வரும். பிஸ்டன் மாற்றிய என்ஜின் என்றால் ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் பிஸ்டனை வைத்து முடிவு செய்யவும்.

இன்ஜெக்டர் முனைக்கடியில் போடும் செப்பு வாஷரின் தடிமனும் இதே சேட்டையைச் செய்யும். தடிமன் மாறினால் முனை கிண்ணத்துக்குள் இறங்கும் ஆழம் மாறும். பழைய வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேல் புதியது ஒன்றைப் போட்டு முடித்த வேலையையும் பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

கரும்புகை கொட்டுகிறது, எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, இழுவை மட்டும் ஏறவில்லை

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் புரியும்.

நல்ல டீசல் என்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 220 கிராம் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 600 ஹெச்.பி. என்றால் 447 கிலோவாட். மணிக்கு 98 கிலோ, அதாவது 118 லிட்டர். ஆறு சிலிண்டர், 3000 ஆர்.பி.எம்.: மணிக்கு 5,40,000 பீய்ச்சல். ஒரு பீய்ச்சலுக்கு 218 கன மி.மீ. அதே கணக்கில், கம்பெனி 325 ஹெச்.பி. தரும் 5.9-க்கு 2900 ஆர்.பி.எம்.மில் 122 கன மி.மீ. போதும். ஆக 600 வேண்டுமென்றால் ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல் டீசல்.

இதைப் பழைய நாசிலிலேயே அதிக நேரம் திறந்து கொடுக்கலாமே? 122 கன மி.மீ.க்கு 1.4 மில்லி வினாடி ஆகிறது என்று வைத்தால் 218-க்கு 2.5 மில்லி வினாடி. 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி வினாடிக்கு கிராங்க்ஷாஃப்ட் 18 டிகிரி சுழலும். 45 டிகிரி நேரம் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். பிஸ்டன் மேல்முனைக்கு 20 டிகிரி முன்னே தொடங்கினால் 25 டிகிரி பின்னே முடியும். கடைசியில் போன டீசல் பிஸ்டன் இறங்கும்போது எரிகிறது. அது பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்டைச் சூடாக்கும். அறிகுறியின் பாதிக் கதை இதுதான். நாசில் 60 சதவீதம் பெரிதானால் அதே 218 கன மி.மீ. 28 டிகிரியில் முடிந்துவிடும்.

அப்படியானால் 150 சதவீதம் போட்டால் இன்னும் நல்லதா? அங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். நாசில் பெரிதாகப் பெரிதாகத் துளி தடிக்கும், ஸ்லோ கெடும், ரெயில் அழுத்தம் வேகமாக வற்றும். தேவைக்கு மேல் பெரிய நாசிலைக் குறைந்த நேரம் திறப்பதைவிட, தேவைக்குச் சற்றே சிறிய நாசிலைச் சற்று அதிக நேரம் திறப்பது ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஒத்துவரும். பாரம் இழுக்கும் டிரக்குக்கு 60 சதவீதத்துக்கு மேல் கேட்பவரிடம் நான் ஏன் என்று கேட்பேன். கடையில் 60 சதவீதம் என்று சொல்வது எதற்கு மேல் 60 என்பதையும் கேட்டுத் தெளியவும். துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். விட்டத்தைச் சொல்கிறாரா ஓட்டத்தைச் சொல்கிறாரா என்பதில் வண்டியே மாறிப்போகும்.

அழுத்தத்தை ஏற்றிச் சமாளிப்பதிலும் பெரிய லாபமில்லை. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். 1600 பாரை 1800 ஆக்கினால் 6 சதவீதம்தான் கூடுதல், மற்றபடி பாகங்களின் ஆயுள்தான் குறையும்.

இனிக் காற்று. 98 கிலோ டீசலை அதிகப் புகையில்லாமல் எரிக்க அதைப்போல் 20 மடங்கு காற்று என்று வைத்தால் நிமிடத்துக்கு 33 கிலோ. கம்பெனி டர்போ இதைத் தராது. பூஸ்ட் கேஜில் அழுத்தம் காட்டுகிறதே என்பார்கள். டர்போ தன் எல்லையைத் தாண்டினால் காற்றைக் கூட்டித் தராமல் சூடாக்கித்தான் தரும். முதலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் சோப்பு நீர் அடித்து லீக் பார்க்கவும், அதில்லை என்றால் டர்போ சிறிது. எக்ஸாஸ்ட் சூடு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து நின்றால் அலுமினிய பிஸ்டன் தாங்காது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடவும்.

டி.பி.எஃப். (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் இந்தப் புகையெல்லாம் அதில் சேர்ந்து சீக்கிரம் அடைக்கும். அந்த ஃபில்டரைக் கழற்றி எறிவது அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். டி.பி.எஃப்.போடு ஓட வேண்டிய வண்டிக்கு இன்ஜெக்டரின் எல்லையே வேறு.

கீழே நன்றாக இழுக்கிறது, மேல் ஆர்.பி.எம்.மில் படுத்துவிடுகிறது

கியர் முழுக்க ஒரு நீண்ட இழுப்பு கொடுத்து, ஸ்கேனரில் கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் பதிவு செய்யவும். இரண்டும் ஒன்றாகவே போனால் டீசல் பக்கம் குற்றமில்லை, காற்றுக்கோ டியூனிங்குக்கோ போகலாம். உண்மை அழுத்தம் விழுந்தால் லிஃப்ட் பம்ப் கேஜைப் பார்க்கவும். அதுவும் கூடவே விழுந்தால் ஃபில்டர், லைன், லிஃப்ட் பம்ப். லிஃப்ட் பம்ப் அசையாமல் நின்று ரெயில் மட்டும் விழுந்தால் உயர் அழுத்தப் பம்பின் எல்லை வந்துவிட்டது, அல்லது இன்ஜெக்டர் ரிட்டர்னில் போகிறது. ரிட்டர்னை அளந்த பிறகு பம்புக்குச் செலவு செய்யவும். ஸ்ட்ரோக் கூட்டிய சி.பி.3 பம்ப் (இந்த என்ஜின்களின் உயர் அழுத்தப் பம்ப்) ஒன்று, அல்லது இரட்டைப் பம்ப் என்று அதற்கு வழி உண்டு. இரண்டுமே பின்னால் வரும் செலவு என்று இன்ஜெக்டர் வாங்கும் அன்றே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

திடீரென்று ஒரு சிலிண்டரில் சம்மட்டி அடி

என்ஜினை நிறுத்தவும். அப்புறம் படிக்கலாம்.

ஊசி திறந்தபடியே சிக்கியிருக்கலாம். டீசல் நிற்காமல் கொட்டுகிறது, பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. அந்த இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கீழே சொன்னபடி கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யவும். அடி நின்றுவிட்டால் சிக்கல் கட்டுப்பாட்டுப் பக்கம். கழற்றியும் அடித்தால் ஊசியே சிக்கிவிட்டது. இந்தச் சோதனையைச் சில வினாடிக்கு மேல் இழுக்க வேண்டாம். நின்றுபோன என்ஜினை மறுபடி கிராங்க் செய்வதிலும் ஆபத்துண்டு. சிலிண்டரில் டீசல் நிரம்பியிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்கவும். அந்தச் சிலிண்டர் சுவரில் ஆயில் கழுவப்பட்டிருக்கும், ஆயிலையும் மாற்றிவிடவும். இன்ஜெக்டர் சிக்கியதற்கு அழுக்கோ தண்ணீரோ காரணம் என்றால் அதே டேங்க் டீசலில் புது இன்ஜெக்டரும் அதே வழியில் போகும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறுகிறது

டீசல் வாசனை வந்தால் உறுதி. எல்.பி.7 டியூராமாக்ஸில் இன்ஜெக்டரும் ரிட்டர்ன் லைனும் வால்வு கவருக்குள்ளேயே இருக்கின்றன, அங்கே கசிந்தால் நேராக ஆயிலுக்குப் போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கம்மின்ஸில் இன்ஜெக்டர் உடம்பின் ஓ-ரிங் மாட்டும்போது வெட்டுப்பட்டிருக்கும், அல்லது சி.பி.3 பம்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். டீசலில் ஒளிரும் சாயம் கலந்து ஓட்டி, கவரைத் திறந்து புற ஊதா விளக்கு அடித்தால் இடம் தெரிந்துவிடும். டி.பி.எஃப்.பில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகத் தாமதமாகப் பீய்ச்சும் என்ஜினில் கொஞ்சம் டீசல் ஆயிலில் கலப்பது வழக்கம்தான், அதையும் கசிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆயில் அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்டர் என்றால்

ஃபோர்டு டிரக்குகளில் வந்த 7.3, 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு மேலே சொன்ன ரெயில் கதை பொருந்தாது. அங்கே உயர் அழுத்த ஆயில்தான் உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளி டீசல் அழுத்தத்தை ஏறத்தாழ 7 மடங்காக்குகிறது. ஸ்டார்ட் ஆக ஆயில் அழுத்தம் குறைந்தது 500 பி.எஸ்.ஐ. வேண்டும். வரவில்லை என்றால் டீசல் பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம். 6.0-வில் குளிர்ந்தபோது மட்டும் உதறுகிறது என்றால் முதலில் இன்ஜெக்டர் கன்ட்ரோல் மாட்யூலின் வோல்டேஜ் பார்க்கவும். 48 வோல்ட் இருக்க வேண்டும், 45-க்குக் கீழே போனால் எட்டு இன்ஜெக்டரும் கெட்ட மாதிரி நடிக்கும். அது சரியாக இருந்தும் உதறினால், ஆயில் பிசின் படிந்து, இன்ஜெக்டருக்குள் ஆயிலைத் திறந்து மூடும் ஸ்பூல் வால்வு ஒட்டுகிறது.

இவற்றுக்கு வாங்கும்போது 160/0, 190/75 என்று இரண்டு எண் சொல்வார்கள். முதல் எண் 1000 பீய்ச்சலுக்கு எத்தனை சி.சி., அதாவது ஒரு பீய்ச்சலுக்கு அதிகபட்சம் அத்தனை கன மி.மீ. இரண்டாவது நாசில் எத்தனை சதவீதம் பெரிது என்பது. முதல் எண் பெரிதாகி இரண்டாவது சிறிதாக இருந்தால் டீசல் நிறைய இருந்தும் வெளியே வர நேரம் பிடிக்கும், மேல் ஆர்.பி.எம்.மில் தாமத எரிப்பும் சூடும் வரும். இரண்டும் பெரிதானால் ஆயில் பம்ப் திணறும். மேலே படுத்துவிடுகிறது என்றால் இங்கே டீசல் கேஜுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தை அதே நீண்ட இழுப்பில் பதிவு செய்து பார்க்கவும்.